பிரெஞ்சுக் குடும்பப் பெயரைத் தேடுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பிரெஞ்சு வம்சாவளி தேடத் தொடங்கியவர்கள் ஆளுக்கொரு குடும்ப மர வரைபடத்தோடு வருகிறார்கள், எல்லாவற்றிலும் அதே பிழைகள். தேதியைத் தப்பாகப் படிப்பது போன்றவை போகப்போகச் சரியாகிவிடும், விடுங்கள். லெஃபேவ்ர் என்ற பெயரை வைத்தே மற்றதைச் சொல்கிறேன்.

எழுத்து மாறினால் ஆளும் வேறு என்று முடிவுகட்டுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. லத்தீனில் ஃபாபெர் என்றால் கொல்லன். பழைய பிரெஞ்சில் அது ஃபேவ்ர் ஆகிவிட்டது, முன்னால் 'லெ' சேர்ந்தால் லெஃபேவ்ர். பிற்பாடு லத்தீன் படித்த எழுத்தர்கள், மூலத்தைக் காட்டுவதற்காக, யாரும் உச்சரிக்காத ஒரு 'பி'யை நடுவில் செருகினார்கள் (Lefebvre). அப்போது 'யூ', 'வி' இரண்டும் தனித்தனி எழுத்துகளாகப் பிரியவில்லை, அதனால் சிலர் 'வி'யை 'யூ'வாக எடுத்து லெஃபேபூர் (Lefebure) என்று படிக்கப்போய் அதுவே தனிப் பெயராக நிலைத்துவிட்டது. பிரெஞ்சு மன்னரின் 1539 வில்லேர்-கொத்ரே ஆணை ஞானஸ்நானப் பதிவைக் கட்டாயமாக்கியதே தவிர எழுத்தைக் கட்டிப்போடவில்லை. பாதிரியார் காதில் விழுந்தபடி எழுதினார்.

ஒருவர் சரியான திருமணப் பதிவைக் கையில் வைத்துக்கொண்டே ஒதுக்கிவிட்டார். மேலே பாதிரியார் 'பி' இல்லாமல் எழுதியிருக்கிறார், கீழே மாப்பிள்ளை 'பி'யோடு கையெழுத்துப் போட்டிருக்கிறார், ஒரே பக்கம்தான்! நம்மவர் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து பொருந்திய பக்கத்து ஊர்க்காரரை மூதாதையாக்கி அங்கிருந்து தலைமுறை தலைமுறையாக மேலே ஏறிவிட்டார். அத்தனையும் அடுத்தவர் குடும்பம். அதற்குள் உறவினர்கள் வேறு அதை நகலெடுத்துவிட்டார்கள்.

அதே ஆள்தானா என்று தெரிய மனைவியின் பிறந்த வீட்டுப் பெயரைப் பாருங்கள், பிரெஞ்சுப் பதிவுகளில் கல்யாணத்துக்குப் பிறகும் அதைத்தான் எழுதுவார்கள். அப்புறம் தொழில், சாட்சிகள், ஞானப் பெற்றோர். பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற சட்டமே 1794இல்தான் வந்தது. 1877இல், கல்யாணத்தின்போது தம்பதிக்குக் கொடுக்கும் குடும்பக் கையேடு வந்த பிறகுதான் எழுத்து ஓரளவு அடங்கியது.

பொருள் ஒன்று, அதனால் உறவு என்பது

ஊருக்கு ஊர் கொல்லர் இருந்தார்கள். தெற்கே ஃபாப்ர், ஃபோர் என்று இருப்பவர்களுக்கும் மூலம் அதே ஃபாபெர்தான். உறவு என்பதற்குப் பதிவு வேண்டும்.

பெயருக்கு முன் 'தெ' இருந்தால் பிரபு என்பது

இல்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பெயர் என்றதும் பிரான்ஸுக்குப் போய்த் தேடுவது

1881 ஆணைப்படி தங்கள் சமூக வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றவர்கள் குடும்பப் பெயர் ஒன்றைச் சூட்டிக்கொண்டார்கள், அதில் பிரெஞ்சுப் பெயர்களும் உண்டு. முதலில் அந்தத் துறப்புப் பத்திரத்தைத் தேடுங்கள்.