முன்பதிவு செய்த புது காருக்கு டீலர் கூடுதல் விலை கேட்டால் என்ன செய்வது?

ஐந்து மாதம் காத்திருந்தோம். கார் வந்துவிட்டது என்று டீலரிடமிருந்து போன் வந்ததும் சனிக்கிழமை காலையிலேயே மனைவியும் நானும் கிளம்பிவிட்டோம். ஜன்னல் கண்ணாடியில் கம்பெனி ஒட்டி அனுப்பிய விலைச் சீட்டு இருந்தது. அதற்குப் பக்கத்தில் டீலர் ஒட்டிய இன்னொரு சின்னச் சீட்டு. அதன் கடைசி வரி: மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட், அதாவது கிராக்கியைக் காரணம் காட்டி டீலர் ஏற்றும் கூடுதல் விலை, 5,000 டாலர். "நாங்கள் முன்பதிவு செய்து வைத்திருந்தோமே" என்றேன். "முன்பதிவு காருக்குத்தான், விலைக்கு இல்லை" என்றார் விற்பனையாளர்.

கோபம் வந்தது. ஆனால் எங்கள் கையில் இருந்த ரசீதைப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். அமெரிக்காவில் முதல்முறை புது கார் வாங்கப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஏன் இப்படிக் கேட்க முடிகிறது?

எம்எஸ்ஆர்பி என்பது தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் விலை. பரிந்துரை மட்டும்தான். டீலர் கம்பெனியின் கிளை அல்ல, வண்டியை வாங்கி விற்கும் தனி வியாபாரி. அதனால் கடைசி விலையை வைப்பது அவர்தான். கார்களுக்கான மின்னணு சிப் தட்டுப்பாட்டால் வண்டிகள் குறைவாக வந்த 2022 ஜனவரியில், புது கார் வாங்கியவர்களில் சுமார் 82 சதவீதம் பேர் எம்எஸ்ஆர்பிக்கு மேல் கொடுத்ததாக கார் விலைத் தகவல்களைத் தரும் எட்மண்ட்ஸ் நிறுவனம் கணக்கிட்டது. முன்பதிவு செய்தவர்களிடம் கூடுதல் பணம் கேட்கும் டீலர்களை அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் எச்சரித்தன. உங்களுக்கு ஒதுக்கும் வண்டிகளைக் குறைப்போம் என்று கம்பெனி டீலரிடம் சொல்லலாம். இந்த விலைக்குத்தான் விற்க வேண்டும் என்று கட்டளை போட முடியாது. டெஸ்லா, ரிவியன் போன்றவை நேரடியாக விற்பதால் அங்கே இந்தத் தலைவலி இல்லை.

படி 1: கையில் இருப்பது என்ன என்று பாருங்கள்

முன்பதிவு, ஆர்டர், விலை ஒப்பந்தம் மூன்றும் வேறு வேறு. தன் புது மாடல்களான ப்ராங்கோவுக்கு 2020இலும் எஃப்-150 லைட்னிங்குக்கு 2021இலும் ஃபோர்டு 100 டாலர் வாங்கிக்கொண்டு முன்பதிவு செய்தது. அந்தப் பணம் வரிசையில் ஓர் இடத்துக்கு, அவ்வளவுதான். ஆர்டர் என்றால் நிறம், மாடல், வசதிகள் எல்லாம் முடிவாகி, வண்டி உங்கள் பெயரில் கம்பெனிக்குப் போகிறது. அப்போதும் விலை உறுதியானது என்று நினைத்துவிடாதீர்கள். விலையை எழுதி, டீலர் தரப்பில் அதிகாரம் உள்ளவர் கையெழுத்துப் போட்ட தாள் இருந்தால்தான் உங்களுக்குப் பிடிமானம். எங்களிடம் இருந்தது டெபாசிட் ரசீது மட்டும். அதில் விலை என்ற சொல்லே இல்லை.

படி 2: வண்டி வருவதற்கு முன்பே விலையை எழுத்தில் வாங்குங்கள்

மற்ற படிகள் எல்லாம் சேர்ந்தாலும் இதற்கு ஈடாகாது. டெபாசிட் கொடுக்கும் முன் நீங்கள் விலகினால் டீலர் வேறு வாடிக்கையாளரைத் தேட வேண்டும், உங்களுக்கோ வேறு டீலர் இருக்கிறார். வண்டி வந்து நின்றபின் அந்த நிலைமை தலைகீழ். மாதக்கணக்கில் காத்திருந்த உங்கள் மனம் ஏற்கெனவே அந்தக் காரில் ஏறி உட்கார்ந்திருக்கும்.

போனில் பேசிவிட்டு நிறுத்தாதீர்கள். சேல்ஸ் மேனேஜருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதில் இருக்க வேண்டியது இவ்வளவுதான்:

"இந்த மாடலை, இந்த வசதிகளுடன், எம்எஸ்ஆர்பிக்கு மேல் ஒரு டாலர்கூடக் கூட்டாமல், டீலர் சேர்க்கும் கூடுதல் பொருட்கள் எதுவும் இல்லாமல் விற்கச் சம்மதமா? வரி, பதிவுக் கட்டணம், டாக்குமென்ட் ஃபீஸ் எல்லாம் சேர்த்து நான் கடைசியாகக் கட்ட வேண்டிய மொத்தத் தொகையை வரிவரியாக அனுப்புங்கள். அதைக் கையெழுத்திட்ட ஒப்பந்தமாகத் தந்தால் டெபாசிட் கட்டுகிறேன்."

டாக்குமென்ட் ஃபீஸ் என்பது காகித வேலைக்கு டீலர் வாங்கும் கட்டணம். இந்த மொத்தத் தொகையைத்தான் இங்கே 'அவுட் தி டோர்' விலை என்பார்கள். அந்த வார்த்தையையே பயன்படுத்துங்கள், விஷயம் தெரிந்தவர் என்று அவர்களுக்குப் புரியும். "வண்டி வரட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால், அதை மறுப்பாகவே எடுத்துக்கொண்டு அடுத்த டீலரிடம் போங்கள். டெபாசிட் திரும்பக் கிடைக்கும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். கிரெடிட் கார்டில் கட்டுங்கள், தகராறு வந்தால் கார்டு கம்பெனியிடம் முறையிட வழி இருக்கும்.

படி 3: இரண்டு சீட்டையும் படியுங்கள்

கம்பெனி ஒட்டும் சீட்டுக்கு மன்ரோனி ஸ்டிக்கர் என்று பெயர். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு புது காரிலும் அது இருந்தாக வேண்டும். அடிப்படை விலை, வசதிகளின் விலை, வண்டியைக் கொண்டுவந்து சேர்க்கும் டெஸ்டினேஷன் கட்டணம் எல்லாம் அதில் இருக்கும். டெஸ்டினேஷன் கட்டணம் நியாயமானது, அதோடு சண்டை போடாதீர்கள்.

பக்கத்தில் இருக்கும் இரண்டாவது சீட்டு டீலருடையது. டயரில் நைட்ரஜன், பெயின்ட் பாதுகாப்புப் பூச்சு, கண்ணாடியில் வண்டி எண் பொறித்தல், கதவு ஓரப் பட்டை. பாதிக்கு மேல் நைட்ரஜன் உள்ள சாதாரணக் காற்றையே டயரில் அடித்து ஓட்டலாம், தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்டைக் குறைத்துவிட்டு அதே பணத்தை இந்தப் பொருட்களில் ஏற்றுவதும் உண்டு. எனவே பெயரைப் பார்க்காதீர்கள், மொத்தத்தைப் பாருங்கள். டாக்குமென்ட் ஃபீஸுக்கு நியூயார்க்கில் உச்சவரம்பு உண்டு, ஃபுளோரிடாவில் இல்லை. உங்கள் மாநிலத்தில் எப்படி என்று முன்பே தேடி வையுங்கள்.

படி 4: அந்த 5,000 டாலர் உண்மையில் எவ்வளவு?

எங்கள் விற்பனையாளர் ஒரு தாளை எடுத்து மாதத் தவணையை மட்டும் எழுதி வட்டம் போட்டார். "மாதம் தொண்ணூறு டாலர்தானே கூடுகிறது" என்றார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 8 சதவீத விற்பனை வரி சேர்த்தால் 5,000 என்பது 5,400. அதை 7 சதவீத வட்டியில் 72 மாதக் கடனாக எடுத்தால் மாதம் சுமார் 92 டாலர், மொத்தம் 6,600 டாலருக்கு மேல். இதில் ஒரு டாலர்கூடக் காரில் ஏறவில்லை. விற்கப்போகும் அன்று எம்எஸ்ஆர்பிக்கு வாங்கியவருக்கும் உங்களுக்கும் ஒரே விலைதான் கிடைக்கும்.

படி 5: கேளுங்கள், முடியாவிட்டால் எழுந்து வாருங்கள்

ஒரே வரி போதும்: "எம்எஸ்ஆர்பிக்குத் தந்தால் இன்றே கையெழுத்துப் போடுகிறேன்." சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். விற்பனையாளர் உள்ளே போய் மேனேஜரைக் கேட்டுவிட்டு வருவார், கொஞ்சம் குறைப்பார். நூறு மைல் சுற்றளவில் மற்ற டீலர்களிடம் வாங்கிய மின்னஞ்சல் பதில் கையில் இருந்தால் அப்போது காட்டுங்கள். கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கும் அழைத்து, முன்பதிவை வேறு டீலருக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். ஆர்டர் போன பிறகு கேட்டால் பழைய டீலரின் சம்மதம் தேவைப்படலாம்.

கையெழுத்திட்ட விலை ஒப்பந்தம் இருந்தும் கூடுதல் கேட்டால் கதை வேறு. அதன் நகலுடன் மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலின் அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.

படி 6: ஃபைனான்ஸ் அறை

கடன் தாள்களில் கையெழுத்து வாங்கும் அறை இது. வெளியே பேசி முடித்த தொகை உள்ளே மாறலாம். கிரெடிட் யூனியன் என்னும் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ வங்கியிலோ கடன் அனுமதி வாங்கிக்கொண்டு போனால் வட்டியை ஒப்பிடலாம். டீலர் வழியாக வரும் கடனில் வட்டியும் ஏற்றப்பட்டிருக்கலாம். மின்னஞ்சலில் வந்த தொகையைத் தாளில் எழுதி மேஜைமேல் வைத்து, ஒவ்வொரு வரியாக ஒப்பிட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். மூன்று நாளில் காரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். டீலர் ஷோரூமில் வாங்கும் காருக்கு அப்படி ஒரு கூட்டாட்சிச் சட்டம் கிடையாது.

நாங்கள் அன்று கார் இல்லாமல்தான் திரும்பினோம். வழியெல்லாம் மனைவி பேசவே இல்லை. மறுநாள் பன்னிரண்டு டீலர்களுக்கு அந்த மின்னஞ்சலை அனுப்பினேன். நான்கு பேர் பதில் எழுதினார்கள், ஒருவர் சம்மதித்தார். நூற்று நாற்பது மைல் தள்ளி, நிறம் மட்டும் வெள்ளை. மூன்றாவது வாரம் போய் எம்எஸ்ஆர்பிக்கே எடுத்துவந்தோம். அதற்குள் பழைய டீலரிடம் கட்டிய டெபாசிட்டும் கார்டில் திரும்ப வந்திருந்தது.