வேதசாட்சிக் கதையைப் பென்சிலோடு வாசிப்பது எப்படி

எங்கள் பங்கில் கோயிலுக்குப் பின்புறம் ஓர் இரும்பு பீரோ இருக்கிறது. கடல் காற்றில் கதவு துருவேறிவிட்டது, திறக்கும்போது கீலில் தேங்காய் எண்ணெய் விடவேண்டும். அந்தச் சாவி பதினோரு வருடமாக என்னிடம்தான் இருக்கிறது. முன்பிருந்த சாமியார்களும் சிஸ்டர்மாரும் விட்டுப்போன ஆங்கிலப் புத்தகங்கள்தான் உள்ளே பாதி. மாதத்தின் முதல் சனிக்கிழமை ஜெபமாலை முடிந்ததும் ஒன்பது பத்துப் பேர் உட்காருவோம். நான் ஒரு பக்கம் வாசித்து, தமிழில் கதையாகச் சொல்வேன். கேட்கிறவர்களில் ஊரில் வேதம் சொல்லித்தந்து ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவர், வலை பின்னும் அண்ணன் ஒருவர், இரண்டு வீடுகளில் வேலைபார்க்கும் ஓர் அக்கா, உறுதிபூசுதல் வகுப்புப் பிள்ளைகள் மூன்று நான்கு பேர்.

"பிள்ளைக்கு எதைக் கொடுக்கலாம், எப்படி வாசிக்கச் சொல்லலாம்?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்த வேதசாட்சிகளையும் மனந்திரும்புகிறவர்களையும் பற்றிய இந்த நாவல்கள் என்னை வளர்த்தவை. அவற்றில் எது குறை என்று தெரிந்த பிறகும் அவற்றின்மேல் பிரியம் குறையவில்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு வாசிக்க முடியும்.

முதல் வாசிப்பில் பென்சிலைத் தொடாதீர்கள். கதை இழுக்கிற இழுப்புக்குப் போங்கள். சியென்கியேவிச்சின் 'குவோ வாடிஸ்' எடுத்துக்கொள்ளுங்கள். நீரோவின் அரங்கில் ஒரு காட்டெருது பாய்ந்து வருகிறது, அதன் தலையில் லிஜியா என்ற பெண்ணைக் கட்டியிருக்கிறார்கள். உர்சுஸ் என்ற பலசாலி வெறுங்கையோடு கொம்பைப் பிடித்து நிற்கிறான். மனிதனும் அசையவில்லை, மிருகமும் அசையவில்லை. இதை நான் சொல்லும்போது வலை பின்னும் அண்ணன் தன்னையறியாமல் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டார். அந்த இறுக்கம் உண்மையானது. அதை வெட்கப்பட்டு ஒதுக்கிவிட்டு 'இலக்கியத் தரம்' பேச ஆரம்பித்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

ஆனால் அந்த இழுப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். 1895இல் வார்சாவில் ஒரு செய்தித்தாளில் தொடராக வந்த கதை இது. அப்போது போலந்து என்றொரு நாடு வரைபடத்தில் இல்லை. மூன்று பேரரசுகள் பங்குபோட்டிருந்தன. லிஜியாவின் இனத்தாரை ஆசிரியர் போலந்து மண்ணின் பக்கத்தில்தான் வைக்கிறார். எருதின் தலையில் கட்டப்பட்ட பெண்ணைத் தங்கள் நாடாகவே அந்த வாசகர்களால் பார்க்க முடிந்தது. கர்தினால் வைஸ்மனின் 'ஃபபியோலா' 1854இல் வந்தது. அதற்கு நான்கு வருடம் முன்புதான் இங்கிலாந்தில் கத்தோலிக்க ஆயர்களை ரோமை மீண்டும் நியமித்திருந்தது. ஊர் கொதித்தது, திருத்தந்தையின் கொடும்பாவியோடு வைஸ்மனின் கொடும்பாவியையும் எரித்தார்கள். அந்த மனிதர் ஓய்வு கிடைத்த துண்டு துண்டு நேரங்களில் எழுதிய கதை அது. முன்னுரையில் அவரே அப்படிச் சொல்கிறார்.

முற்றுகைக்குள் இருக்கிறவர்களுக்கு வெற்றிக் கதை வேண்டும். இந்த வகை எழுத்தின் பலமே அதுதான். அதனுடைய குறையும் அங்கேதான் பிறக்கிறது: முற்றுகைக்குள் இருக்கிறவன் தன் சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்லமாட்டான்.

இரண்டாம் வாசிப்பில் பென்சிலை எடுங்கள். யாராவது ஒருவர் மனந்திரும்புகிற பக்கத்தைக் கண்டுபிடித்து ஓரத்தில் ஒரு சிலுவை போடுங்கள். பிறகு அங்கிருந்து பின்னோக்கிப் பத்துப் பக்கம், இருபது பக்கம் போங்கள். இவனை இந்த இடத்துக்குத் தள்ளியது எது? அவனுக்கு அதனால் என்ன நஷ்டம்? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் கதைக்குள்ளேயே இருந்தால் அந்த மனந்திரும்புதல் நிற்கும். இல்லாவிட்டால் அது ஆசிரியர் கொடுத்த பரிசு, அந்த ஆள் பெற்ற அருள் அல்ல. நான் சொல்லித்தரும் முறையில் மிக முக்கியமானது இதுதான். மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்கவேண்டாம்.

'குவோ வாடிஸ்' நாவலிலேயே இரண்டையும் பார்க்கலாம். கதாநாயகன் வினிசியுஸ் லிஜியாவின்மேல் வைத்த காதல் வழியாகவே விசுவாசத்துக்குள் வருகிறான். காதலி கிறிஸ்தவப் பெண்ணாக இல்லாதிருந்தால் வந்திருப்பானா? பென்சில் அங்கே நிற்கும். ஆனால் கிலோன் என்ற கிழவனைப் பாருங்கள். பசப்புக்காரன், காட்டிக்கொடுப்பவன். கிளௌகுஸ் என்ற வைத்தியரின் குடும்பத்தையே அழித்தவன். கிறிஸ்தவர்களை நீரோவிடம் பிடித்துக்கொடுத்து, அரங்கில் மரியாதையான இடத்தில் உட்காருகிறான். ஆனால் ரத்தத்தைப் பார்க்க முடியாமல் மயங்கி விழுகிறான், பிரபுக்கள் சிரிக்கிறார்கள். கடைசியில் நீரோவின் தோட்டத்தில் கம்பத்தில் கட்டி எரிக்கப்படுகிறவர்களில் கிளௌகுஸும் இருக்கிறார். கிலோன் கீழே நின்று மன்னிப்புக் கேட்கிறான். எரிந்துகொண்டே அவர் மன்னிக்கிறார். அதன் பிறகுதான் கிழவன் திரும்பி, ரோமுக்குத் தீ வைத்தவன் நீரோதான் என்று எல்லார் முன்னாலும் கத்துகிறான். அந்தக் கத்தலுக்கு விலை அவன் உயிர். பின்னோக்கிப் போய்ப் பாருங்கள், ஒவ்வொரு படியும் இருக்கும். பவுல் (எங்கள் உபதேசியார் இன்றும் சின்னப்பர் என்றுதான் சொல்வார்) அவனுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது நமக்கு அது தானமாகக் கிடைத்ததாகத் தோன்றாது.

க்ரோனினின் 'தி கீஸ் ஆஃப் தி கிங்டம்' 1941இல் வந்தது. அதில் இந்தக் கேள்வியை ஆசிரியரே கேட்கிறார், அதனால்தான் அந்தப் புத்தகத்தை நான் யாருக்கும் தயங்காமல் கொடுப்பேன். ஸ்காட்லாந்துக்காரரான பிரான்சிஸ் சிஷோம் சாமியார் சீனாவில் பைத்தான் என்ற ஊருக்குப் போய் இறங்குகிறார். அறிக்கையில் இருந்த விசுவாசிகள் யாரும் அங்கே இல்லை. உபதேசியார் தம்பதி ஒன்று வந்து சம்பளம் கேட்கிறது. அரிசிக்காக வந்தவர்கள் என்ற சொல்லை நானும் சிறுவயதில் பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறேன், அதனால் அந்த அத்தியாயத்தை வாசிக்கும்போது எனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். பிறகு சியா என்ற செல்வந்தரின் மகனுக்குக் கையில் சீழ் பிடித்துச் சாகக் கிடக்கிறான். சாமியார் கீறிவிட்டுக் காப்பாற்றுகிறார். தகப்பன் வந்து, நன்றிக்கடனாக நான் கிறிஸ்தவன் ஆகிறேன் என்கிறார். சாமியார் மறுத்துவிடுகிறார். நீங்கள் நம்பவில்லையே என்கிறார்.

இந்த இடத்தில் எங்கள் கூட்டத்தில் சண்டையே வந்துவிட்டது. "வந்தவரை எதுக்கு விடணும்? உள்ள வந்தபிறகு விசுவாசம் தானா வரும்" என்றார் உபதேசியார். பல வருடம் கழித்து, சாமியார் ஊரைவிட்டுப் போகும் நேரத்தில் சியா மறுபடி வந்து கேட்கிறார் என்பதை அடுத்த மாதம்தான் சொன்னேன். உபதேசியார் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். கதைக்கு நடுவே இப்படி ஒரு மாதம் இடைவெளி விடுவது நல்லது. நீங்கள் குழுவாக வாசித்தால் செய்து பாருங்கள்.

விசுவாசம் இல்லாத பாத்திரத்துக்கு ஆசிரியர் எவ்வளவு மூளை கொடுத்திருக்கிறார் என்று பார்ப்பது இன்னொரு சோதனை. 'ஃபபியோலா'வில் கோர்வினுஸ் என்ற பையன் பள்ளிக்கூடக் காட்சியிலிருந்தே முரடன், மந்தன். அவனுக்கு ஓர் ஆத்துமா இருக்கும் என்று வைஸ்மன் ஒரு பக்கம்கூட யோசிக்கவில்லை. ஆனால் 'குவோ வாடிஸ்' நாவலின் மிகச் சிறந்த மனிதர் பெத்ரோனியுஸ், கடைசிவரை அஞ்ஞானியாகவே சாகிறவர். க்ரோனினிடம் டாக்டர் டல்லக் என்ற நாத்திகர் நோயாளிகளைக் கவனித்துக்கொண்டே செத்துப்போகிறார். நண்பரான சாமியார் மரணப்படுக்கையில் அவரை வற்புறுத்துவதில்லை. எதிர்த்தரப்புக்கு நல்ல வாதத்தைக் கொடுக்கிற எழுத்தாளர் கடவுளைப்பற்றிப் பயப்படாதவர் என்பது என் எண்ணம்.

துணைப் பாத்திரங்களை, அதிலும் வேலைக்காரர்களை, தனியாக ஒருமுறை வாசியுங்கள். இதை எனக்குச் சொல்லித்தந்தவர் எங்கள் கூட்டத்து அக்கா. 'ஃபபியோலா'வில் எஜமானி கோபத்தில் அடிமைப்பெண் சீராவின் கையில் கூரான கத்தியால் குத்திவிடுகிறாள். ஆக்னஸ் என்ற கிறிஸ்தவப் பெண் சீராவை விலைகொடுத்து மீட்க முன்வரும்போது, சீரா எஜமானியின் ஆத்துமத்துக்காக அங்கேயே இருக்கிறேன் என்கிறாள். நாற்பது வருடமாக இதை வாசித்து உருகியவள் நான். அக்கா கையிலிருந்த ஜெபமாலையைச் சுருட்டி வைத்துவிட்டுக் கேட்டார்: "குத்துனவ வீட்ல இருந்துட்டு ஜெபம் பண்ணணுமோ டீச்சர்? வெளிய வந்து பண்ணுனா ஆண்டவருக்குக் கேக்காதோ?"

எனக்குப் பதில் இல்லை. சீராவின் அன்பு பெரியதுதான். ஆனால் அந்த அன்பைக் காட்ட அவளை அடிமையாகவே வைத்திருக்கும் வசதியை ஆசிரியர் எடுத்துக்கொள்கிறார், நானும் அவரோடு சேர்ந்து எடுத்துக்கொண்டேன். இப்போது அந்தப் பக்கத்தை வாசிக்கும்போதெல்லாம் அக்காவின் கேள்வியையும் சேர்த்தே சொல்கிறேன்.

அடுத்து, கதையையும் வரலாற்றையும் பிரித்து வையுங்கள். பீடச் சிறுவர்களின் பாதுகாவலரான தார்சிசியுஸை எல்லாருக்கும் தெரியும். நற்கருணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அடிபட்டுச் செத்த சிறுவன். நானும் மறைக்கல்வி வகுப்பில் வருடக்கணக்காக அப்படியே சொன்னேன். உண்மையில் அவரைப்பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய ஆதாரம், நான்காம் நூற்றாண்டில் திருத்தந்தை தமாசுஸ் எழுதிய ஒரு சிறு கல்லறைக் கவிதை. அதில் வயதே இல்லை. தியாக்கோனான, அதாவது திருச்சபைப் பணிக்கு நியமிக்கப்பட்ட பெரியவரான, ஸ்தேவானோடு ஒப்பிடுவதால், இவரும் தியாக்கோனாக இருந்திருக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். நம் மனதில் ஓடிவரும் அந்தச் சிறுவனை உலகமெங்கும் கொண்டுபோனதில் 'ஃபபியோலா'வுக்குப் பெரிய பங்கு உண்டு. பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கும் ஃபால்கியரின் 1868ஆம் வருடத்துச் சிலையும் அந்த நாவலைத் தொட்டுப் பிறந்ததுதான்.

இதைத் தெரிந்துகொண்ட வாரம் வகுப்பில் போய்ப் பிள்ளைகளிடம் சொன்னேன். ஒரு பையன், "அப்ப அவர் செத்தது நிஜமா டீச்சர்?" என்று கேட்டான். நிஜம், கையிலிருந்ததைக் கொடுக்காமல் செத்ததும் நிஜம், வயதுதான் நமக்குத் தெரியாது என்றேன். "பெரியாளுன்னா தப்பிச்சு ஓடியிருக்கலாமே, ஓடலையே" என்றான். அதை நான் யோசித்ததே இல்லை.

பெயர் தெரிந்த நிஜ மனிதர்கள் வரும் கதைகளில் இந்தப் பிரிப்பு இன்னும் அவசியம். யூதரான ஃப்ரான்ஸ் வெர்ஃபெல் 1940இல் நாஜிகளுக்குத் தப்பி ஓடும்போது லூர்து நகரில் ஒளிந்திருந்தார். பிழைத்தால் அந்த ஊரில் மாதாவைக் காட்சியில் கண்ட பெர்னதெத்தின் கதையை எழுதுவேன் என்று நேர்ந்துகொண்டு, பிழைத்து, எழுதினார். ஜெபமாலை மாதிரி பத்துப் பத்து அத்தியாயமாக ஐந்து பகுதி. பெர்னதெத்தின் வீடு, பழைய சிறைச்சாலையின் ஒற்றை அறை, அதன் ஈரமும் பசியும் அப்படியே கண்முன் நிற்கும். ஆனால் பிற்காலத்தில் நெவர் மடத்தில் பெர்னதெத்தைப் பயிற்றுவித்த சிஸ்டர் வொசூவை, லூர்து பள்ளிக்கூடத்திலேயே அவளை வாட்டிய ஆசிரியையாகவும் வெர்ஃபெல் ஆக்கிவிட்டார். உண்மையில் 1866இல் பெர்னதெத் நெவருக்குப் போன பிறகுதான் இருவரும் சந்திக்கிறார்கள். கதைக்கு ஒரு கண்டிப்பான முகம் தேவைப்பட்டது, அதற்காக ஒரு நிஜப் பெண்ணின் பெயர்மேல் கூடுதல் பாரம் ஏற்றப்பட்டது. இப்படிப்பட்ட இடங்களில் ஓரத்தில் 'க' என்று எழுதி வையுங்கள், கதை என்பதற்கு.

பதினான்கு வயதுப் பிள்ளைக்கு எதைக் கொடுப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். ஒன்றை மட்டும் கொடுக்காதீர்கள், இரண்டாகக் கொடுங்கள். குறையே இல்லாத வேதசாட்சி ஒருவரின் கதையும், தடுமாறுகிற ஒருவரின் கதையும். கிரேயம் கிரீனின் 'தி பவர் அண்ட் தி குளோரி' 1940இல் வந்தது. 1930களின் மெக்சிகோவில் திருப்பலி தடைசெய்யப்பட்ட ஒரு மாநிலம். குடிகாரரான, ஒரு குழந்தைக்குத் தகப்பனான சாமியார் ஒருவர் ஒளிந்து திரிகிறார். அதே நாவலுக்குள் ஒரு தாய் தன் பிள்ளைகளுக்கு ஹுவான் என்ற பக்திமானான வாலிபனின் வேதசாட்சிக் கதையை வாசித்துக்காட்டுகிறாள். லூயிஸ் என்ற பையனுக்குச் சலிப்பு, நம்பவே முடியவில்லை. நாம் பேசிக்கொண்டிருக்கும் இந்த வகைப் புத்தகத்தைத்தான் கிரீன் அந்தத் தாயின் கையில் வைத்திருக்கிறார். 1950களில் ரோமையிலிருந்து இந்த நாவலுக்குக் கண்டனம் வந்தது. பிற்பாடு திருத்தந்தை ஆறாம் பவுல் கிரீனைச் சந்தித்தபோது அதைப் பொருட்படுத்தவேண்டாம் என்றார்.

ஆனால் ஹுவானின் கதை பொய் என்று பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள். 1927 நவம்பர் 23 அன்று மெக்சிகோ நகரில் மிகேல் புரோ என்ற இயேசு சபைக் குரு கைகளைச் சிலுவைபோல் விரித்து நின்று துப்பாக்கிக் குண்டை ஏற்றுக்கொண்டார். அதன் புகைப்படங்கள் இருக்கின்றன. அப்படியும் சாகிறார்கள். கால் நடுங்கியும் சாகிறார்கள். பிள்ளைக்கு இரண்டும் தெரியவேண்டும்.

கிரீனின் கடைசி அத்தியாயத்தைக் குழுவில் வாசிக்கும்போது ஒன்று செய்யுங்கள். குடிகாரச் சாமியாரைச் சுட்டுவிட்டார்கள். தாய் ஹுவானின் கதையை முடிக்கிறாள். இரவில் கதவு தட்டும் சத்தம் கேட்கிறது, லூயிஸ் எழுந்துபோய்த் திறக்கிறான். வெளியே ஒரு புதிய ஆள், தான் ஒரு குரு என்கிறான். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பையன் அவர் கையை முத்தி செய்துவிடுகிறான். அந்த வரியோடு நிறுத்திப் புத்தகத்தை மூடுங்கள். விளக்கம் சொல்லாதீர்கள், யாரையும் கேள்வி கேட்காதீர்கள். டீ கொண்டுவருகிற பிள்ளையிடம் ஐந்து நிமிடம் கழித்து வரச்சொல்லி முன்னாலேயே சொல்லி வையுங்கள்.