மூன்று வரிகளுக்கு மறுமொழி சொல்வது எப்படி?

குறுங்கவிதை எழுதுவோர் தம் கவிதைகளைப் பகிர்ந்துகொள்ள ஒரு சிறு வட்டத்தைத் தொடங்கினால், முதல் சில சந்திப்புகளில் "அருமை", "சிறப்பு", "நெஞ்சைத் தொட்டது" என்னும் சொற்களே மிகுதியாகக் கேட்கும். அவற்றைச் சொல்பவர்கள் உண்மையாகவே சொல்கிறார்கள். ஆயினும், எழுதியவர் மறுநாள் தனியே அமர்ந்து அடுத்த கவிதையைத் தொடங்கும்போது அச்சொற்களால் அவருக்கு ஒரு பயனும் இருப்பதில்லை. தம் கவிதையில் எந்தச் சொல் பிறர் மனத்தில் தங்கியது, எந்த இடத்தில் அவர்கள் தடுமாறினார்கள் என்று அறிந்தவருக்கே மேலும் எழுதும் துணிவு பிறக்கிறது. அந்தத் துணிவைத் தரும் வகையில் வட்டத்தை நடத்தும் முறையை இங்கே விளக்குகிறேன்.

ஐந்து முதல் எட்டுப் பேர் போதும். ஒருவர் ஒரு கவிதை மட்டும் கொண்டுவருவது நல்லது. சிறியவை என்பதால் பத்துக் கவிதைகளை ஒரே அமர்வில் படித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் குறள் வெண்பாவின் ஏழு சீர்களோ, குறுந்தொகைப் பாடலின் நான்கு முதல் எட்டு வரையிலான அடிகளோ தம்மைச் சுற்றி ஓர் அமைதியை வேண்டுபவை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எதுவும் மனத்தில் நிற்காது. கவிதையின் படி ஒவ்வொருவர் கையிலும் இருக்கட்டும், ஏனெனில் வரி எங்கே முறிகிறது என்பது காதுக்கு எப்போதும் தெரிவதில்லை.

கவிதையை முதலில் எழுதியவர் வாசிக்க வேண்டும். பிறகு அதையே வேறொருவர் வாசிக்க வேண்டும். நான் அறிந்த வழிமுறைகளில் மிகப் பயனுள்ளது இதுவே. எழுதியவர் வாசிக்கும்போது, சொற்களில் இல்லாததை அவருடைய குரல் நிரப்பிவிடும். மற்றவர் வாசிக்கும்போது அந்தத் துணை இல்லாமல் கவிதை தன் காலில் நிற்கிறதா என்பது உடனே தெரிந்துவிடும். வாசிப்பதற்கு முன் கவிதை பிறந்த சூழலை எழுதியவர் விளக்கக் கூடாது. வாசித்த பின்னும், மற்றவர்கள் பேசி முடிக்கும் வரை அவர் கேட்டுக்கொண்டிருப்பதே முறை.

மறுமொழி சொல்வோர் முதலில் தாம் கண்டதைச் சொல்ல வேண்டும். பிறகு மனத்தில் தங்கிய சொல்லை. அதன்பின், ஐயம் இருந்தால், ஒரு கேள்வியை. எடுத்துக்காட்டாக, ஒருவர் இந்தக் கவிதையைக் கொண்டுவருகிறார் என்று கொள்வோம்:

அணைத்த விளக்கில்
சுடர் இருந்த இடம் மட்டும்
கூடுதல் இருள்.
நீ சென்ற பின் என் மனம் போல.

"நன்றாக இருக்கிறது, கடைசி வரியை எடுத்துவிடுங்கள்" என்று சொல்வது எளிது. அதற்கு மாறாக, "'சுடர் இருந்த இடம்' என்றதும், ஒளி போன பிறகும் கண் அங்கேயே நிற்பதை உணர்ந்தேன், 'கூடுதல்' என்ற சொல்லில்தான் இழப்பு இருக்கிறது, அந்த இழப்பை நான் உணர்ந்துவிட்ட பிறகு நான்காம் வரி எனக்கு எதைத் தருகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பிரிவைச் சொல்வதற்கு மூன்று வரிகளே போதுமானவையாக இருந்தன என்பதை எழுதியவர் தாமே கண்டுகொள்வார். தாமே கண்டதை அவர் மறக்கமாட்டார். பிறருடைய வரியை நம் சொற்களில் மாற்றி எழுதிக் காட்டுவதை, அவர் கேட்டாலன்றி, தவிர்க்க வேண்டும். அவ்வாறு திருத்தப்பட்ட கவிதை யாருடையது என்ற தயக்கம் அவருக்கு வந்துவிடும்.

யாப்பு சார்ந்த பிழை இதற்கு விலக்கு. வெண்பாவில் தளை, அதாவது அடுத்தடுத்த சீர்கள் இணையும் முறை, தட்டினாலோ, ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றில் முடியாவிட்டாலோ, அதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம்.

புதிதாக வந்தவரைப் பற்றித் தனியே கவலைப்பட வேண்டும். கடுமையான சொல்லைக் காட்டிலும் எவரும் ஒன்றும் சொல்லாத அமைதியே அவரை எழுத்திலிருந்து விலக்குகிறது. ஒரு கவிதைக்கும் மறுமொழி இல்லாமல் போகாதபடி, ஒவ்வொன்றுக்கும் முதலில் பேசுபவர் யார் என்று முன்கூட்டியே முடிவுசெய்துகொள்ளுங்கள். ஒருவருடைய கவிதையை அவர் ஒப்புதலின்றியோ பெயரின்றியோ வெளியில் பகிர்வதில்லை என்ற உறுதியும் தொடக்கத்திலேயே வேண்டும்.

சில சந்திப்புகளுக்குப் பின் சேர்ந்து எழுதிப் பாருங்கள். ஈற்றடி ஒன்றைக் கொடுத்து வெண்பா பாடச் சொல்வது நம்மிடம் நெடுங்காலமாக உள்ள பழக்கம். ஜப்பானியரின் ரெங்கா என்னும் தொடர்கவிதை இன்னொரு வழி: ஒருவர் 5-7-5 என்னும் அசைக் கணக்கில் தொடங்க, அடுத்தவர் 7-7 என்று தொடர்வார். ஜப்பானியக் கவிஞர் பாஷோவின் காலத்தில் இத்தகைய 36 கண்ணிகள், அதாவது பகுதிகள், கொண்ட தொடரே பெரிதும் விரும்பப்பட்டது. தமிழில் அசைக் கணக்கை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. ஒவ்வொரு கண்ணியும் தனக்கு நேர்முன் உள்ளதோடு இணைந்து, அதற்கும் முன் உள்ளதிலிருந்து விலக வேண்டும் என்ற விதியை மட்டும் விடாதீர்கள். அடுத்தவரின் வரியைத் தொடர வேண்டியவர் அதை எவ்வளவு கூர்ந்து படிக்கிறார் என்பதை அந்த அமர்விலேயே காணலாம்.

ஒவ்வொரு சந்திப்பையும் சென்ற முறை பேசப்பட்ட கவிதைகளின் திருத்திய வடிவங்களோடு தொடங்குங்கள். எதையும் மாற்றாமல் கொண்டுவந்தவரிடம், அந்த வரியை அவர் ஏன் காத்துக்கொண்டார் என்று கேளுங்கள்.