உறைபனி மாதங்களில் மலை வீட்டில் செய்யக் கூடாதவை

ஊட்டிப் பக்கம் வீடு வாங்கிக் குடிவருபவர்கள் நீர்ப்பனி விழும் நவம்பர் வரை சந்தோஷமாக இருப்பார்கள். டிசம்பர், ஜனவரியில் மேகமும் காற்றும் இல்லாத இரவுகளில் உறைபனி இறங்கியதும் ஒவ்வொருவராக வந்து கேட்க ஆரம்பிப்பார்கள். கம்பளி போர்த்துங்கள், குல்லா போடுங்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கே நாங்களெல்லாம் ஒரு காலத்தில் செய்ததையே அவர்களும் செய்வதைப் பார்ப்பதால் இதை எழுதுகிறேன்.

குழாய்

காலையில் தண்ணீர் வரவில்லை என்றதும் மோட்டாரைப் போடாதீர்கள். தரைமேல் கிடக்கும் ஓஸில் தண்ணீர் உறைந்திருக்கும், வெயில் ஏறினால் தானாக விட்டுவிடும். காகிதத்தைக் கொளுத்திச் சூடு காட்டினால் பிவிசி குழாய் இளகி வளைந்துவிடும். வெளிக்குழாயில் நிற்கும் தண்ணீரை ராத்திரியே வடித்துவிடுங்கள்.

கரி அடுப்பைப் படுக்கையறைக்குள் வைப்பது

இதை எத்தனை தடவை சொன்னாலும் கேட்க மாட்டேன் என்கிறார்களே என்று இன்னமும் கோபம் வருகிறது. எங்கள் வீட்டுக்குக் கீழே புதிதாக வந்த ஒரு குடும்பம், இரும்புச் சட்டியில் கரியை வெளியில் வைத்து நன்றாகக் கனிய விட்டு, புகை அடங்கி மேலே சாம்பல் பூத்த பிறகுதான் அறைக்குள் கொண்டுபோனார்கள். புகைதானே கெடுதல், அதுதான் போய்விட்டதே என்று நினைப்பு. குளிர் வராமலிருக்கக் கதவிடுக்கில் பழைய துணியையும் அடைத்தார்கள். நடுராத்திரியில் பையன் வாந்தி எடுத்தான், அம்மாவுக்குத் தலை பிளந்தது. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று வெளியே வந்து நின்றிருக்கிறார்கள், நின்றதும் தேவலாம் போலிருக்க, திரும்ப உள்ளே போய்ப் படுக்கக் கிளம்பியபோதுதான் நான் பார்த்தேன்.

வெளியே வந்தால் சரியாகி, உள்ளே போனால் திரும்ப வரும் தலைவலிதான் அடையாளம். கரி கனன்றுகொண்டிருக்கும் வரை கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வந்துகொண்டே இருக்கும்; அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தூங்குபவருக்கு மூச்சுத் திணறுவதே தெரியாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கொடைக்கானலிலும் நீலகிரியிலும் இப்படிப் போன உயிர்கள் உண்டு. ஜன்னலை விரலளவு திறந்து வைத்தோம் என்பதெல்லாம் போதாது. புகைப்போக்கி உள்ள கணப்பு இருந்தால் அதில் எரியுங்கள், இல்லையென்றால் வாசலில் குளிர் காய்ந்துவிட்டு, சட்டியை வெளியிலேயே விட்டுவிட்டு வந்து ரஜாயைப் போர்த்திக்கொள்ளுங்கள். கேஸ் கீசரைக் குளியலறைக்குள் மாட்டி, கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு குளிப்பதும் இதே ஆபத்துதான். யாராவது மயங்கிக் கிடந்தால் முதலில் வெளிக்காற்றுக்குத் தூக்கி வாருங்கள், அப்புறம் 108.

தோட்டம்

பிளாஸ்டிக் தாளைச் செடிமேல் நேராகப் போர்த்தாதீர்கள், தாள் தொட்ட இலை கருகிவிடும். குச்சி நட்டு அதன்மேல் போடுங்கள், அல்லது தேயிலைக்குச் செய்வதுபோலத் தாகை என்ற காட்டுச்செடியை வெட்டி மூடுங்கள். குளிர்காற்று பள்ளத்தில்தான் தேங்கும், அதனால் தாழ்வான பாத்தியை முதலில் பாருங்கள். சாயங்காலம் மண் ஈரமாக இருந்தால் பகல் சூட்டைக் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கும்.

கார் கண்ணாடி

வெந்நீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.