40 நிமிடத்தில் ஒரு கட்டுரை

உரைத்திறன் பகுப்பாய்வுக்கு, அதாவது ஓர் எழுத்து வாசகரை எப்படி இணங்கவைக்கிறது என்று ஆராயும் கட்டுரைக்கு, ‘உதயன்’ நாளிதழின் ஆசிரியர் தலையங்கம் ஒன்றை எடுத்து, பேனையோடு இருமுறை வாசியுங்கள். முதலில், யாரை எதற்கு இணங்கவைக்கிறார்? பிறகு, எப்படி? பலர் சறுக்குவது இந்த இரண்டாவதில்தான். ‘உவமை வந்துள்ளது’ என்று பெயர் சொன்னால் புள்ளி வராது. அது வாசகர் மனத்தில் என்ன செய்கிறது, ஏன் அந்த இடத்தில் வந்தது என்று எழுத வேண்டும். மேற்கோள் நாலைந்து சொல் போதும், விளக்கம் இரண்டு மூன்று வசனம் வேண்டும்.

வாதக் கட்டுரைக்கு நிலைப்பாட்டை ஒரே வசனத்தில் எழுதுங்கள். ‘தோட்டங்களில் இரசாயன உரத்தைக் குறைக்க வேண்டும்’ என்றால், சுண்ணக்கல் நிலத்தினூடாக உரத்தின் நைத்திரேற்று கிணற்றுக்கு இறங்குவது சான்று. விளைச்சல் குறையும் என்ற கமக்காரரின் மறுப்பையும் நேர்மையாகச் சொல்லிப் பதிலளியுங்கள். கோயில் பட்டிமன்றம் கேட்ட காது இங்கே உதவும்.

ஒரு கட்டுரைக்கான 40 நிமிடத்தில் திட்டத்துக்கு 8 நிமிடம், எழுத 28, திருத்த 4.