நூலகத்தில் ஓலைச்சுவடிக் கண்காட்சி வைப்பது எப்படி? முதன்முறை செய்பவர்களுக்கு

பல்கலைக்கழக நூலகத்தில் கண்காட்சி என்று முடிவானதுமே பேனருக்கு ஆர்டர் கொடுத்துவிடுவார்கள். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். சுவடியோ பழைய அச்சு நூலோ வெளிச்சத்தில் இருக்கும் ஒவ்வொரு நாளும் அதன் ஆயுளில் கொஞ்சம் செலவாகிறது. அந்தச் செலவைக் கட்டுக்குள் வைப்பதுதான் முக்கால்வாசி வேலை. இரண்டு கண்ணாடிப் பேழை, மூன்று மாதம் என்ற சிறிய கண்காட்சிக்கான முறை இது. தொடக்க விழாவுக்கு எட்டு வாரம் முன்பே வேலையை ஆரம்பியுங்கள்.

1. எடுப்பதைவிட விடுவதே முக்கியம்

‘நம் நூலகத்தின் அரிய செல்வங்கள்’ என்று தலைப்பு வைத்தால் எதையும் விட மனம் வராது. ‘தமிழ் எழுத்து ஓலையிலிருந்து அச்சுக்கு எப்படி வந்தது’ என்பதுபோல் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் தேர்வு தானாக நடக்கும். ஒரு மீட்டர் நீளப் பேழைக்கு நான்கு பொருள் போதும். உங்களிடம் இல்லாததற்கு அனுமதி வாங்கி நகல் வைக்கலாம். 1578இல் கொல்லத்தில் அச்சான 16 பக்கத் தமிழ் நூல் ‘தம்பிரான் வணக்கம்’ ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அதன் ஒரு பக்கப் படம் கதைக்குத் தேவை என்றால் வையுங்கள், ‘நகல்’ என்று பெரிதாக எழுதியும் வையுங்கள்.

தேர்ந்த ஒவ்வொன்றையும் நான்கு பக்கமும் படம் எடுத்து, கிழிசல், பூச்சித்துளை, கறை எல்லாவற்றையும் பென்சிலால் குறியுங்கள். பேனா அந்த அறைக்குள்ளேயே வரக்கூடாது. சுவடியைத் தட்டினால் புதிதாக மாவு உதிர்கிறதா? உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது. அந்தச் சுவடி கண்காட்சிக்கு வராது. தனியே கட்டி, சுவடிகளைப் பராமரிக்கும் பிரிவுக்கு அனுப்புங்கள்.

2. பேழை

புது ஒட்டுப்பலகையும் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகையும் அமில ஆவியை வெளிவிடும். பெயின்ட் அடித்திருந்தால் நான்கு வாரமாவது திறந்து ஆறவிடுங்கள். அடித்தளத்தில் பாலியெஸ்டர் தாள் (தெளிவான பிளாஸ்டிக் தாள்), அதன்மேல் அமிலமற்ற அட்டை. சிவப்பு வெல்வெட் வேண்டாம்: ஈரம் பட்டால் சாயம் இறங்கும். பார்க்க அழகாக வேண்டுமென்றால், சாயமிடாத பருத்தித் துணியைக் கஞ்சி போகத் துவைத்து விரியுங்கள்.

பாச்சை உருண்டையும் வேண்டாம். மூடிய பேழைக்குள் அதன் ஆவி பொருள்களின்மேலேயே திரும்பப் படியும்.

3. ஈரப்பதம்: பெரும்பாலான கண்காட்சிகள் சறுக்கும் இடம்

இலக்கு 50 முதல் 55 சதவீதம். எண்ணைவிட அது ஆடாமல் இருப்பது முக்கியம். பகலில் ஏசி ஓடி, மாலை ஆறு மணிக்கு நிறுத்தப்பட்டால் ஓலை தினமும் ஒருமுறை சுருங்கி ஒருமுறை விரியும்; விளிம்பில் பிளவு அப்படித்தான் தொடங்குகிறது. இரவில் ஏசி ஓடாது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்: பேழையின் இடுக்குகளை ரப்பர் பட்டையால் அடைத்து, அடியில் ஈரத்தை வாங்கியும் விட்டும் சமன்செய்யும் சிலிகா ஜெல் மணிகளைத் தட்டில் வையுங்கள்.

கன மீட்டருக்கு 20 கிலோ என்பது கணக்கு. 100 × 50 × 20 செ.மீ. பேழை என்றால் 2 கிலோ. கடையில் வாங்கிய பையை அப்படியே பிரித்து வைப்பதுதான் ஆரம்பக்காரர்களின் பெரிய தவறு. காய்ந்த ஜெல் ஈரத்தை அளவுக்குமேல் உறிஞ்சிவிடும், ஓலை மொறுமொறுவென்று ஆகிவிடும். 50–55 சதவீத ஈரப்பதமுள்ள அறையில் ஜெல்லைப் பரப்பி, இரண்டு நாளுக்கு ஒருமுறை எடை போடுங்கள். எடை ஏறுவது நின்றபின் பேழைக்குள் வையுங்கள்.

ஈரப்பதம் காட்டும் மலிவான ஈரமானியையும் நம்பாதீர்கள். ஒரு மூடியில் உப்பைப் போட்டு, சேறுபோல் ஆகும்வரை தண்ணீர் விட்டு, காற்றுப்புகா டப்பாவில் ஈரமானியோடு ஓர் இரவு மூடி வையுங்கள். 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் கருவி 5 குறைத்துக் காட்டுகிறது என்று பொருள்.

4. ஒளி

பொருளின்மேல் விழும் ஒளி 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு). தினம் 8 மணி நேரம், 90 நாள் என்றால் மொத்தம் 36,000 லக்ஸ்-மணி. விளக்கை 200 லக்ஸாகக் கூட்டினால் அதே அளவு 23ஆம் நாளிலேயே தீர்ந்துவிடும். கீறிய எழுத்து தெரிய ஓலையில் தேய்த்த விளக்குக்கரி வெளிறாது என்பது உண்மைதான். பக்கத்தில் வைத்த செய்தித்தாளும் சாய ஓவியமும் வெளிறும். பேழைக்குள் விளக்கு வைக்காதீர்கள், சூடு ஏறும். வெளியிலிருந்து எல்இடி, ஜன்னலுக்குத் திரை.

5. வைக்கும் விதம்

கை கழுவி, ஈரம் போகத் துடைத்தபின் வெறுங்கையால் எடுங்கள். பருத்தி உறை விரலின் உணர்வைக் குறைக்கும், ஓலை விளிம்பில் மாட்டும். சுவடியை விசிறிபோல் விரித்துக் காட்ட ஆசை வரும். கயிற்றுத் துளைகள் கிழிவது அப்போதுதான். கட்டைச் சட்டத்தோடு படுக்க வைத்து, கயிற்றிலிருந்து கழற்றிய இரண்டு ஏட்டை மட்டும் லேசான சரிவுப் பலகையில் காட்டுங்கள். வளைந்த ஏட்டைக் கண்ணாடி வைத்து அழுத்தி நிமிர்த்தாதீர்கள். தைலம் தடவிய ஏடு பழைய தாளைத் தொடவே கூடாது, எண்ணெய்க் கறை போகாது.

அச்சு நூலை 120 பாகைக்கு மேல் திறக்காமல் அட்டைத் தொட்டிலில் வையுங்கள். பக்கத்தை நிறுத்த ஒரு செ.மீ. அகலப் பாலியெஸ்டர் பட்டை. அதன் ஒட்டு பட்டையோடு பட்டை மட்டுமே, தாளில் படக்கூடாது.

6. குறிப்பு அட்டை

50 சொல்லுக்குள், எழுத்தின் அளவு 20 பாயின்ட். ஓலைக்கு இது மட்டும் போதாது. பழைய ஏடுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, எகர ஏகார வேறுபாடு தெரியாது, துணைக்காலும் (ா) ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். பார்வையாளர் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். ஒரு வரியைப் பெரிதாக்கிப் படமாக வைத்து, அடியில் எழுத்துக்கு எழுத்து இன்றைய வடிவத்தில் எழுதுங்கள். கூட்டம் அங்கேதான் நிற்கும்.

7. திறப்பு விழாவும் அதன் பிறகும்

குத்துவிளக்கு, பூமாலை, வடை, தேநீர் எல்லாம் கூடத்துக்கு வெளியே. காலையும் மாலையும் ஈரமானி எண்ணைக் குறியுங்கள்; 65ஐத் தாண்டி நின்றால் பொருளை வெளியே எடுங்கள், பூஞ்சை வரும்.

கண்காட்சி முடிந்ததும் முதல் நாள் படங்களோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு பொருளின் பதிவெண்ணுக்கு எதிரே அது பெற்ற லக்ஸ்-மணியை எழுதிவையுங்கள். அடுத்த ஆண்டு கண்காட்சிக்கு அதே ஏட்டைக் கேட்டு யாராவது வந்தால், வேறு ஏட்டைக் கொடுங்கள்.