மேன் யூக்கு எந்த ஃபார்வர்டு வாங்கணும்னு டீக்கடைல வாயக் கொடுக்குறதுக்கு முன்னாடி

ரங்கூன்ல மான்செஸ்டர் யுனைடெட் (மேன் யூ) ஃபுட்பால் கிளப்புக்கு ஃபேனா இருக்குறவங்களுக்குத் தெரியும், சனிக்கிழம ராத்திரி மேட்ச் எட்டரைக்கோ ஒம்பதரைக்கோதான், ஆனா ஏழு மணிக்கே டீக்கடைல பஞ்சாயத்து ஆரம்பிச்சிடும். "அண்ணே, ஸ்ட்ரைக்கர் யார வாங்கலாம் சொல்லுங்க"னு ஒருத்தன் கேப்பான் (முன்னாடி நின்னு கோல் அடிக்குற ஃபார்வர்டுதான் ஸ்ட்ரைக்கர்), நீங்களும் ஜம்முனு ஒரு பேரச் சொல்லிடுவீங்க. பேரு கடைசில வரணும்ங்க. டீம்ல எந்த வேலைக்கு ஆள் இல்லன்னு சொல்லாம பேர மட்டும் சொன்னா பக்கத்து மேஜை லிவர்பூல்காரன் "சரி, அவன எங்க நிறுத்துவீங்க?"னு ஒரே ஒரு கேள்வி கேட்டு ஆளக் கவுத்துடுவான்.

அதனால மொதல்ல போன சீசன் கணக்க எடுத்து வைங்க. நான் 2024-25 சீசனையே சொல்றேன், அத விட நல்ல பாடம் கிடைக்காது. 38 மேட்ச்ல மொத்தமே 44 கோல், லீக்ல 15ஆவது இடம். ஹொய்லுண்டு லீக்ல 4 கோல், சிர்க்சி 3. ரெண்டு ஸ்ட்ரைக்கரும் சேந்து 7. ஸ்ட்ரைக்கரே இல்லாத புரூனோவும் அமாதும் ஆளுக்கு 8. "எங்களுக்கு ஸ்ட்ரைக்கர் வேணும்"னு கத்துறதுக்கும் இந்த நாலு நம்பர மெதுவா சொல்லிட்டு டீய ஒரு மடக்கு குடிக்குறதுக்கும் வித்தியாசம் இருக்கு, சொல்லிப் பாருங்க.

ஆனா அதோட நிறுத்திட்டீங்கன்னா மாட்டுவீங்க. ஏன்னா அடுத்த கேள்வி ரெடியா இருக்கும், அவன் அடிக்கலயா இல்ல அவனுக்கு பந்தே வரலயான்னு. இதே ஹொய்லுண்டு அதுக்கு முந்தின சீசன்ல லீக்ல 10 கோல் அடிச்சான், நடுவுல தொடர்ந்து ஆறு லீக் மேட்ச்ல கோல். ஒரே வருசத்துல கால் மறந்து போயிடுமா என்ன? இதுக்கு புள்ளிவிவரத்த விட கண்ணுதான் உதவும். டிவில கேமரா பந்து பின்னாடியேதான் ஓடும், ஸ்ட்ரைக்கர் பாதி நேரம் படத்துலயே இருக்க மாட்டான், அதனால பந்து சைடுலைன்ல, ஓரமா ஓடுற விங்கர் கால்ல இருக்கும்போது மட்டும் கோலுக்கு முன்னாடி இருக்குற பாக்ஸப் பாருங்க, ஸ்ட்ரைக்கர் முன் போஸ்ட்டுக்கு ஓடுறானா, டிஃபெண்டர் முதுகுக்குப் பின்னாடி மறைஞ்சு நிக்கிறானா, இல்ல ஓடி ஓடி பந்து வராம கைய விரிச்சிட்டு திரும்பி நடக்குறானா. மூணாவதுதான் அடிக்கடி நடக்குதுன்னா நீங்க வாங்க வேண்டியது ஸ்ட்ரைக்கரே இல்ல, பந்து கொடுக்குற ஆளு. டீக்கடைல முக்கால்வாசி சண்ட இந்த ஒரு விசயத்த யாரும் பாக்காததாலதான் நடக்குது.

அடுத்து, வாங்கலாம்னு நெனைக்குற வெளி கிளப்பு ஆளோட கோல் கணக்கச் சொல்லும்போது பெனால்டியக் கழிச்சிட்டுச் சொல்லுங்க. பெனால்டி நாலுக்கு மூணு யார் அடிச்சாலும் போகும். எம்பூமோ 2024-25ல பிரென்ட்ஃபோர்டுக்கு லீக்ல 20 அடிச்சான், அதுல 5 பெனால்டி. யோக்கெரெஸ் போர்ச்சுகல் லீக்ல 39, அதுலயும் பத்துக்கு மேல பெனால்டி. பெனால்டி அடிக்குறதும் ஒரு வேலைதான், நான் கேவலமா சொல்லல, ஆனா மேன் யூல பெனால்டி அடிக்க புரூனோ இருக்காரு, புதுசா வர்றவனுக்கு அது கிடைக்காதுல்ல? அப்ப எம்பூமோவ 15ன்னு வச்சுப் பேசுங்க, 15ஏ நல்ல கணக்குதான். லீக்கையும் பாக்கணும், போர்ச்சுகல்ல அடிச்ச 39 இங்கிலாந்துல 39 ஆகாது, எவ்வளவு ஆகும்னு எவனுக்கும் தெரியாது, தெரியும்னு சொல்றவன நம்பாதீங்க.

ஃபார்மேசன் பத்தி, அதாவது ஆளுங்கள எங்கெங்க நிறுத்துறதுன்றது பத்தி, சுருக்கமா. அப்ப கோச்சா இருந்த அமோரிம் கொண்டு வந்தது 3-4-2-1, அதுல முன்னாடி ஒருத்தன், அவனுக்குப் பின்னாடி ரெண்டு பேர். லைன ஒட்டி நிக்குற விங்கருக்கு அதுல இடமே இல்ல, விங்கர் கர்னாச்சோ கிளப்ப விட்டுப் போனதுக்கு வேற காரணமும் இருந்துச்சு, ஆனா இதுவும் ஒண்ணு. அந்த ரெண்டு இடத்துக்குத்தான் 2025 சம்மர்ல கூன்யாவும் எம்பூமோவும் வந்தாங்க, முன்னாடி நிக்க ஷெஷ்கோ. கோச் மாறினா இந்தக் கணக்கும் மாறும், அதனால யாராவது "விங்கர் வாங்கணும்"னா எந்த ஃபார்மேசன்லன்னு கேளுங்க.

காசு விசயம்தான் நம்ம ஆளுங்க ரொம்ப ஒளர்ற இடம். ஷெஷ்கோவுக்கு 66 மில்லியன் பவுண்டுன்னதும் அத நம்ம பர்மா காசு கியாத்துல மாத்திப் பாத்துட்டு நெஞ்சுல கை வைக்குற ஆளுங்க இருக்காங்க. கிளப்பு கணக்குல அது ஒரே வருசத்துல ஏறாது, அஞ்சு வருச கான்ட்ராக்ட்டுன்னா அஞ்சாப் பிரிச்சு வருசத்துக்கு 13 மில்லியன் சொச்சம், அது மேல சம்பளம். விக்குறது வேற மாதிரி, கர்னாச்சோ மாதிரி சின்ன வயசுலயே அகாடமிக்கு வந்து வளந்த பையன செல்சிக்கு 40 மில்லியனுக்குக் கொடுத்தா கிட்டத்தட்ட முழுசும் லாபமா அந்த வருசமே எழுதிக்கலாம். மூணு வருசத்துல 105 மில்லியனுக்கு மேல நட்டம் காட்டக் கூடாதுன்னு 2025-26 சீசன் வரைக்கும் பிரீமியர் லீக் ரூல் போட்டு வச்சிருந்துச்சு, அதனாலதான் இவ்வளவு கணக்கும். ஆக ஒரு பேரச் சொல்றவன் கிட்ட "யார விப்ப?"னு கேளுங்க, பாதி பேரு அங்கயே அடங்கிடுவாங்க. கான்ட்ராக்ட் எத்தன வருசம் பாக்கின்னும் பாருங்க, 2012ல ஸ்ட்ரைக்கர் வான் பெர்சிக்கு ஆர்சனல்ல ஒரு வருசம்தான் பாக்கி, அதனாலதான் 24 மில்லியனுக்கு வந்தாரு, வயசு 29ன்னு அப்பவும் மூக்க சுளிச்சாங்க, 26 லீக் கோல் அடிச்சு கப்பத் தூக்கிக் கொடுத்தாரு.

சீசன் நடுவுல ஆள் வாங்க விடுற ஜனவரில பேசுறீங்கன்னா ரொம்ப ஜாக்கிரதை. அவசரத்துக்கு அண்டாக்குள்ளயும் கை போகாது. நல்ல ஸ்ட்ரைக்கர எந்த கிளப்பும் சீசன் நடுவுல விடாது, விட்டா எங்கயோ இடிக்குதுன்னு அர்த்தம். 2023 ஜனவரில லோன்ல வந்த வெகோர்ஸ்ட் லீக்ல ஒரு கோல் கூட அடிக்கல, ஓடினாரு பாவம், நல்லா ஓடினாரு. அதோட ஆப்பிரிக்கா கப் எப்பன்னு பாத்துக்கோங்க, 2025 டிசம்பர் 21லருந்து ஜனவரி 18 வரைக்கும் நடந்துச்சு, எம்பூமோ கேமரூனுக்கும் அமாத் ஐவரி கோஸ்ட்டுக்கும் கிளம்பிட்டாங்க, இந்த மாதிரி மாசத்துல "நமக்குத்தான் ஆள் இருக்கே"ன்னு சொன்னா சிரிப்பாங்க.

வதந்திய எப்படி எடை போடுறதுன்னா, யாரு மொதல்ல சொன்னான்னு தேடுங்க. ஏதோ இத்தாலி பேப்பர்ல வந்தது இங்கிலீஷ்ல போயி, அது பர்மிய பேஸ்புக் பேஜுல வந்து, அதுக்கப்புறம் நம்ம கடைக்கு வரும்போது "பேசிப் பாத்தாங்க"ன்றது "கையெழுத்தாயிடுச்சு"ன்னு ஆயிருக்கும். ஃபுட்பால் நிருபர்கள்ல ஆர்ன்ஸ்டீன் எழுதினா மதிக்கலாம், ரொமானோ "ஹியர் வி கோ" போட்டா பெரும்பாலும் முடிஞ்ச மாதிரி, அதுக்கு முன்னாடி அவரு போடுற நூறு போஸ்ட்ட விட்டுடுங்க. சம்பளம் ஏத்திக்க ஏஜென்ட்டே கிளப்பி விடுறதும் உண்டு. நம்ம ஊர்ல கரண்டு வந்து போனு சார்ஜ் ஏறி விபிஎன் கனெக்ட் ஆகுறதுக்குள்ள பாதி வதந்தி தானா செத்துடும், அது ஒரு வசதி.

பெரியவங்க மேன் யூவோட பழைய ஃபார்வர்டு கான்டனா கதைய எடுத்தா குறுக்க பேசாதீங்க, 1992ல லீட்ஸ்லருந்து 1.2 மில்லியனுக்கு வந்தாருன்னு நீங்களே எடுத்துக் கொடுங்க, மாமா சந்தோசப்பட்டு சமூசா சொல்லுவாரு. பந்தயம் கட்டினவன் கூட மட்டும் மேட்ச் அன்னிக்குப் பேசாதீங்க, அவன் ஸ்ட்ரைக்கரப் பத்திப் பேசல, அவன் காசப் பத்திப் பேசுறான்.

ஆர்சனல்காரன் வந்து நக்கலடிச்சா, ஃபார்வர்டு ஜீசஸும் ஹாவர்ட்ஸும் அடிபட்டுக் கிடக்க 2025 பிப்ரவரில மிட்ஃபீல்டர் மெரினோவ ஸ்ட்ரைக்கரா விட்டத ஞாபகப்படுத்துங்க. அவன் விட மாட்டான், லெஸ்டர் மேட்ச்ல மெரினோ மாத்து ஆளா உள்ள வந்து ரெண்டு கோல் அடிச்சாரேன்னு திருப்புவான். அப்ப அவ்வளவு நல்லா இருந்துச்சுன்னா அதே சம்மர்ல எதுக்குடா யோக்கெரெஸுக்கு அத்தன காசக் கொட்டுனீங்கன்னு கேளுங்க.